கேட்டால் சொல்லுவன்: மாயாவியின்ர கடைசி நாலு பக்கம்

போனமுறை இந்தப் பக்கத்தில ஒரு கதையை வாய் தவறிச் சொல்லிப்போட்டன், சின்ன வயசில வாசிச்ச ஒரு மாயாவி காமிக்ஸ் புத்தகத்தில கடைசி நாலு பக்கம் இல்லை, முடிவு என்னெண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது எண்டு. அவ்வளவுதான் எழுதினது. வந்த கடிதத்தில அரைவாசி அதைப்பற்றித்தான். படம், பாட்டு, நாடகம் எண்டு கேட்டவை கோவிக்கக் கூடாதெண்டு எல்லாத்தையும் கலந்து போட்டிருக்கிறன். பேர் போடாதேங்கோ எண்டு கன பேர் எழுதினபடியால இந்தமுறை ஆற்ற பேரும் இல்லை, ஊர் மட்டும்.

மானிப்பாயில இருந்து ஒரு அக்கா கேக்கிறா: நீங்கள் சொன்னது எந்த மாயாவி? எனக்குத் தெரிஞ்ச மாயாவி காட்டுக்குள்ள வெள்ளைக் குதிரையில போறவர், முகமூடி, மண்டையோட்டு மோதிரம். இவர் சொல்லுறார் அது மாயாவி இல்லையாம், இரும்புக்கை வைச்சவர்தான் மாயாவியாம். வீட்டில ரெண்டு நாளாய் இதே கதை.

ரெண்டு பேரும் சரி அக்கா, சண்டையை விடுங்கோ. குதிரைக்காரருக்குச் சொந்தப் பேர் ஃபாண்டம், அமெரிக்காவில லீ ஃபாக் எண்டவர் 1936 இல தொடங்கின ஆள், அவரைத்தான் 1984 இல வரத் தொடங்கின ராணி காமிக்ஸில மாயாவி எண்டு போட்டவை. இரும்புக்கைக்காரர் வேற ஆள். அவர் 1962 இல இங்கிலாந்தில ஒரு வாரப் புத்தகத்தில தொடங்கினவர், கீறினவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ எண்டு பேர். 1972 இல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கேக்க முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். அதால உங்கட மனுசன் வயசில கொஞ்சம் மூப்பெண்டால் அவருக்கு இரும்புக்கை, நீங்கள் இளமையெண்டால் உங்களுக்குக் குதிரை. இதை அவருக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ.

எனக்குக் கிடைச்சது இரும்புக்கைதான். 83, 84 அளவில இருக்கும், சித்தப்பா கொழும்பில இருந்து வரேக்க யாழ்தேவியில ஆரோ சீற்றில விட்டிட்டு இறங்கின புத்தகம் எண்டு கொண்டுவந்து தந்தவர். முன் அட்டையும் இல்லை பின் அட்டையும் இல்லை, ஆரோ கறுப்பு நூலால சாக்குத் தைக்கிற மாதிரிக் குத்தித் தைச்சு வைச்சிருந்தது, தைச்ச ஆளுக்கே அந்த நாலு பக்கம் கிடைக்கேல்லைப் போல, எங்கயோ கச்சான் சுத்தப் போயிருக்கும். மிஞ்சின கடைசிப் பக்கத்தில கீழ் மூலையில ஒரு கட்டம். ஒரு கதவு, கதவுப் பிடியில இரும்புக்கை மட்டும் தெரியுது, ஆள் இல்லை, கதவுக்கு உள்பக்கம் ஒருத்தன் துவக்கோட நிக்கிறான். அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதவு இன்னும் திறபடேல்லை.

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி: கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ, அந்த மாயாவி எங்கட ஊரில இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

இதைத்தான் தம்பி நான் முப்பது வரியமாய் யோசிக்கிறன். அவற்ற கதை என்ன? லூயிஸ் கிராண்டேல் எண்டவருக்கு ஆய்வுகூட விபத்தில வலது கை போகுது, இரும்பில கை பூட்டுறாங்கள், பேந்து கடும் கரண்ட் அடிக்கேக்க உடம்பு மறைஞ்சுபோம், கை மட்டும் தெரியும். அதுக்குப் பிறகு மறைய வேணுமெண்டால் அவருக்குக் கரண்ட் வேணும், பிளக்குக்குள்ள விரலை விடுவார், ஆள் மாயம். இப்ப அவரைச் சண்டைக் காலத்தில, 1990 க்கும் 95 க்கும் இடையில, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விடுங்கோ. கரண்ட் எங்க? நாங்கள் குப்பி விளக்கில படிச்சுக்கொண்டிருந்தம், ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, அதில துளி மண்ணெண்ணெய். மனிசன் விரலை நீட்டிக்கொண்டு ஊர் முழுக்க அலைஞ்சிருப்பார். ஆரும் இரக்கப்பட்டுச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்திக் குடுத்திருந்தால் அந்த 6 வோல்ட்டுக்கு ஒரு நகம் மறைஞ்சிருக்கும். சுத்துறவன் களைச்சுப் போனால் நகமும் திரும்பி வந்திடும்.

உரும்பிராயில இருந்து: இளையராஜாவோ ரகுமானோ? நேராய்ச் சொல்லுங்கோ, ரெண்டு பேரும் நல்லம் எண்டு மழுப்ப வேண்டாம்.

இளையராஜா.

காரணமும் கேப்பியள் எண்டு தெரியும். ராஜா 76 இல வந்தவர், நான் நடக்கப் பழகின காலத்தில இருந்து அவற்ற பாட்டு வீட்டில கிடந்தது, ஆரும் தேடிப் போய்க் கேக்கேல்லை, பக்கத்து வீட்டு றேடியோவில இருந்து வேலி தாண்டி வந்தது, கலியாண வீட்டு ஸ்பீக்கரில இருந்து ரெண்டு ஒழுங்கை தாண்டி வந்தது. ரகுமான் 92 இல வரேக்க எங்களிட்டை கரண்டும் இல்லை பற்றறியும் இல்லை. அவற்ற அந்த முதல் கசற்றை நான் முதல் முதல் கேட்டது எப்பிடியெண்டால், மச்சான் கவிட்டு வைச்ச சைக்கிளின்ர பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து ரெண்டு வயர், வயர் நுனியில செற். அவனுக்குக் கை உளைஞ்சு சுத்து மெதுவாகினால் எஸ்.பி.பி.க்குத் தடிமன் பிடிச்ச மாதிரிக் குரல் தடிச்சுக்கொண்டு போகும், கோபத்தில வேகமாய்ச் சுத்தினால் சின்னப் பெடியன் பாடுற மாதிரிக் கீச்சிடும். அந்தப் பாட்டுகளின்ர சரியான வேகம் என்னெண்டு எனக்குத் தெரிஞ்சது 97 இல கொழும்புக்குப் போன பிறகு. உண்மையைச் சொன்னால் மச்சான் சுத்தின வேகம்தான் எனக்கு இப்பவும் சரியாய்ப் படுது. அப்ப ரகுமானுக்கு நான் எப்பிடி நியாயமாய் மாக்ஸ் போடுறது, அதாலதான் ராஜா எண்டு சொன்னனான்.

இன்னொண்டு. பழைய பற்றறியை வெய்யிலில காயவைச்சு, சில பேர் அவிச்சும் எடுத்து, கடைசிச் சொட்டுவரைக்கும் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். கசற்றை முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட்டால் பற்றறி போயிடும் எண்டு பேனையை ஓட்டைக்குள்ள விட்டுச் சுத்திறது. இப்ப என்ர மகள் ஒரு பாட்டைப் பத்து செக்கன் கேட்டுப்போட்டு அடுத்ததுக்குத் தட்டுறா. நான் ஒண்டும் சொல்லுறதில்லை, கை மட்டும் தன்ரபாட்டில பேனையைத் தேடும்.

சாவகச்சேரியில இருந்து ஒரு தம்பி: எங்கட அம்மா நாடகம் முடியும்வரைக்கும் எழும்ப மாட்டா. பசியோட கிடக்கிறம். நீங்கள் எல்லாத்துக்கும் அபிப்பிராயம் வைச்சிருக்கிறியள், இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ.

வழி இருக்கு தம்பி, எழும்பிப் போய்ப் புட்டை அவியுங்கோ. மா குழைக்கிறதுக்கு ஒரு விளம்பர இடைவேளை காணும்.

நாடகத்தை நக்கலடிக்கிறது எங்கட ஆம்பிளையளின்ர பொழுதுபோக்கு, ஆனால் பத்திரிகை விரிச்ச மாதிரி முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு ஓரக்கண்ணால முழுக்கப் பாக்கிறதும் அவையள்தான். எதிர்நீச்சல் ஓடின நேரம் எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். ஆதி குணசேகரனாய் நடிச்ச மாரிமுத்துவை என்ர அம்மா ஒவ்வொரு நாளும் ஒண்டரை வரியமாய்த் திட்டினவ, பாழ்படுவான், நாசமாய்ப் போவான், என்னென்ன இருக்கோ அவ்வளவும். 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி அந்த மனிசன் மாரடைப்பில செத்துப்போச்சு எண்டு போனில வருது. அம்மா அண்டைக்குச் சாமியறையில விளக்கு வைச்சா. என்னம்மா எண்டு கேட்டன், நான் திட்டினது குணசேகரனையடா, அந்தப் பிள்ளையை இல்லை எண்டா. பேந்து வேல ராமமூர்த்தி அதே வேசத்துக்கு வந்தார், அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஆனால் அம்மா அவரைத் திட்டேல்லை. திட்டு வாங்கிறதுக்கும் ஒரு தகுதி வேணும்.

கரவெட்டியில இருந்து: இந்தியப் படங்களில எங்கட தமிழ் கதைக்கிறம் எண்டு என்னவோ கதைக்கினம். உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ?

முந்தி வந்தது. இப்ப பகிடியாய் இருக்கு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப்போறன், அலுப்பெண்டால் அடுத்த கேள்விக்குப் போங்கோ.

முதல் பிழை என்னெண்டால் இலங்கைத் தமிழ் எண்டு ஒண்டு இருக்கெண்டு நினைக்கிறது. யாழ்ப்பாணத்தில ஒரு கதை, மட்டக்களப்பில இன்னொரு கதை, அங்க "மறுகா" எண்டுவினம், "கிறுகு" எண்டுவினம், கேக்க அவ்வளவு வடிவாய் இருக்கும், மலையகத்தில கதைக்கிறது தமிழ்நாட்டுக்குக் கிட்டவாய் இருக்கும். படத்தில எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டுக் கிண்டி மேல கொஞ்சம் ஓம், கொஞ்சம் வடிவு, கொஞ்சம் கதைக்கிறது எண்டு தூவி இறக்கி வைச்சிருவினம். நடிக்கிறவைக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் செந்தமிழ் கதைக்கிறவை எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம், அதால மீன் வாங்கப் போற மனிசியும் பட்டிமன்றத்துக்குப் போற மாதிரியே கதைக்கும்.

ரெண்டாவது, "உது". இதுதான் என்ர பரீட்சை. இது எனக்குக் கிட்ட இருக்கிறது, அது ரெண்டு பேருக்கும் தூர இருக்கிறது, உது உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. "உதை எடுத்து உங்க வை" எண்டு ஒரு அம்மம்மா சொன்னால் கேக்கிற பெடியனுக்கு எந்தச் சாமான், எந்த இடம் எண்டு விரல் காட்டாமலே விளங்கும். அ இ உ அம்மூன்றும் சுட்டு எண்டு தொல்காப்பியத்தில கிடக்கு, மற்ற இடங்களில உகரம் கழண்டு போச்சு, எங்கட குசினியில இன்னும் புழங்குது. ஒரு படத்திலயாவது ஒரு நடிகர் "உதென்ன உது" எண்டு சரியான இடத்தில சொன்னால் நான் எழும்பி நிண்டு கை தட்டுவன்.

மூண்டாவது, தாளம். சொல்லுகளைப் பாடமாக்கலாம், தாளத்தை ஏலாது. தெனாலியில 2000 ஆம் ஆண்டு கமல் முயற்சி செய்தவர், மற்றவையைவிட எவ்வளவோ மேல், காது குடுத்துக் கேட்டிருக்கிறார் எண்டு தெரியும், ஆனாலும் சில இடங்களில கலியாண வீட்டில வாழ்த்துரை வாசிக்கிற மாமாவின்ர சாயல் அடிக்கும். நான் அதை நாலுதரம் பாத்தனான், அது வேற கதை. டூரிஸ்ட் ஃபேமிலி 2025 மே முதலாம் திகதி வந்தது, அதில இஞ்சயிருந்து போற குடும்பம் தங்கட கதையை வெளியில காட்டாமல் மறைக்க வேணும் எண்டே கதை போகுது, அப்ப சசிகுமாருக்குக் கொஞ்சம் பிசகினாலும் கதைக்குள்ள மறைஞ்சு போம். கெட்டித்தனம். என்ர மனிசி அழுதவ, நான் அழேல்லை எண்டு வீட்டில சொல்லி வைச்சிருக்கிறன்.

இதெல்லாத்துக்கும் நடுவில ஒரு ஆளை மறந்திடக் கூடாது. அல்லைப்பிட்டியில பிறந்த ஷோபாசக்தி, அடிப்படையில எழுத்தாளர், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த தீபனில முக்கிய வேசம், 2015 இல அந்தப் படத்துக்கு கான் விழாவில தங்கப்பனை குடுத்தவை. பிரான்சில எடுத்த பிரெஞ்சுக்காரற்ற படத்தில எங்கட கதை பிசகாமல் வருது, ஒரு மணித்தியாலப் பறப்புத் தூரத்தில இருக்கிற சென்னையில வாறேல்லை. காரணம் பெரிசா ஒண்டுமில்லை, அங்க தீவுப்பகுதி ஆளையே பிடிச்சுக் கதைக்க விட்டவை.

இணுவிலில இருந்து ஒரு ஐயா: கோயில் திருவிழாவில மேளச்சமாவில சினிமாப் பாட்டு வாசிக்கிறாங்கள். முன்வரிசையில இருந்து துண்டு எழுதிக் குடுக்கிறாங்கள். இது அடுக்குமோ?

ஐயா, நீங்கள் இணுவில். தவில் தெட்சணாமூர்த்தியின்ர ஊரில இருந்து இதைக் கேக்கிறியள், உங்களுக்கு நான் பதில் சொல்லுறதே அதிகப்பிரசங்கித்தனம். 1975 இல செத்த மனிசனைப் பற்றி இப்பவும் உங்கட ஊரில ஆரும் கதைக்கத் தொடங்கினால் குரல் தணிஞ்சிடும், அது எனக்குத் தெரியும்.

ஆனாலும் கேட்டபடியால சொல்லுறன். இரவு பன்னிரண்டு மணி, ராகம் ஆலாபனை எல்லாம் முடிஞ்சு, சின்னனுகள் மணலில சாக்கை விரிச்சு நித்திரை, கச்சான்காரி கூடையை மூடுறா. அந்த நேரம் நாதஸ்வரக்காரர் ஒரு பழைய படப் பாட்டை எடுப்பார். நித்திரையான பெடியன் எழும்பி இருப்பான், கச்சான்காரி திரும்பக் கூடையைத் திறப்பா. அந்தப் பெடியன் பதினைஞ்சு வரியத்துக்குப் பிறகு தவிலுக்குப் பக்கத்தில வந்து குந்துறானெண்டால் அண்டைக்கு எழும்பினபடியாலதான். நானும் அப்பிடி எழும்பின ஒருத்தன், தவிலுக்குப் போகாமல் உந்தப் பக்கத்துக்கு வந்து சேந்திட்டன். துண்டு எழுதிக் குடுக்கிறது மட்டும் எனக்கும் பிடிக்காது, அதிலயும் போன மாசம் வந்த குத்துப்பாட்டை எழுதிக் குடுக்கிறவனைக் கேணியில தள்ளலாம்.

பருத்தித்துறையில இருந்து, வயசு பதின்மூண்டு எண்டு எழுதியிருக்கு: அங்கிள், நீங்கள் மாங்கா வாசிப்பீங்களா? வன் பீஸ் தெரியுமா?

தெரியும் பிள்ளை. 97 இல ஜப்பானில தொடங்கினது, நூறு புத்தகத்தைத் தாண்டியும் இன்னும் முடியேல்லை. மருமகன் ஒண்டைத் தந்தவன். நான் வழக்கம்போல முன் அட்டையெண்டு நினைச்சதைத் திறந்து ஆறுதலாய் வாசிக்கத் தொடங்கினன், ஒண்டும் பிடிபடேல்லை, எல்லாரும் அழுகினம், கட்டிப்பிடிக்கினம், நல்ல தொடக்கமாய் இருக்கெண்டு நினைச்சன். மருமகன் வந்து தலையில கை வைச்சிட்டான், மாமா அது கடைசிப் பக்கம், மாங்கா வலப்பக்கத்தில இருந்து வாசிக்கிறது எண்டு. ஒரு புத்தகத்தில நாப்பது வரியமாய் முடிவு தெரியாமல் இருக்கிறன், இன்னொண்டில முடிவை முதல் வாசிச்சிட்டன். என்ர ராசி அப்பிடி.

வன் பீஸை நான் தொடங்கமாட்டன். ஐம்பது தாண்டின ஆள் நூறு புத்தகத்தைத் தொடங்கிறது பேராசை. நீங்கள் வாசிச்சு முடிச்சிட்டு வந்து கதை சொல்லுங்கோ, நான் கேக்கிறன்.

கனடா ஸ்காபரோவில இருந்து: ஊரில இப்ப தியேட்டருகள் இருக்குதோ? ரீகல், வின்சர், மனோகரா எல்லாம் கனவில வருது.

கனவிலயாவது வருதே. ரீகலில இங்கிலீஸ் படம் போடுவாங்கள், அப்பா அதுக்கெண்டு சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவாராம், தமிழ்ப் படத்துக்குச் செருப்பு. ராஜா தியேட்டர் இப்பவும் நிக்குது. ஆஸ்பத்திரி வீதியில 2013 இல கார்கில்ஸ் கட்டிடம் வந்த பிறகு மேல் மாடியில ஏசி போட்ட தியேட்டர், பஞ்சு மாதிரிக் கதிரை, விசிலடிக்க வெக்கமாய் இருக்கும். பெரிய நடிகற்ற படம் வந்தால் மட்டும் பெடியள் அந்த வெக்கத்தையும் விட்டிடுவாங்கள், பால் ஊத்துறதுக்குக் கட் அவுட்டும் வைப்பாங்கள், பால் விலை என்னெண்டு அதை ஊத்துறவனிட்டைக் கேளுங்கோ.

நீங்கள் போன பிறகு ஒரு காலம் இருந்தது, உங்களுக்குத் தெரியாது. தியேட்டர் இல்லை, கரண்ட் இல்லை, படம் பாக்க வேணும். வீட்டுக்கு இவ்வளவெண்டு சேத்து ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து ஒரு வளவுக்குள்ள விடிய விடிய மூண்டு படம். முதல் படம் சாமிப் படம், கிழவியளுக்கு. ரெண்டாவது குடும்பப் படம். மூண்டாவது சண்டைப் படம், அது வரேக்க விடிய மூண்டு மணி, முழிச்சிருக்கிறது நாங்கள் அஞ்சாறு பேர்தான். ஒருநாள் வில்லனைப் பிடிக்கிற நேரம் பாத்து மண்ணெண்ணெய் முடிஞ்சு ஜெனரேற்றர் ரெண்டுதரம் இருமிப்போட்டு நிண்டிட்டுது. இருட்டுக்குள்ள ஒருத்தரும் கதைக்கேல்லை. பேந்து ஒருத்தன் சொன்னான், பிடிச்சிருப்பாங்கள், வாங்கோ போவம்.

நாவற்குழியில இருந்து: ஒளியும் ஒலியும் பாக்க அன்ரனா திருப்பின காலம் ஞாபகமோ?

ஞாபகமோவோ, தோள்மூட்டு இன்னும் நோகுது. ரூபவாஹினி 1982 இல வந்தது, ஆனால் எங்கட அன்ரனா எல்லாம் இந்தியாவைப் பாத்துத்தான் நிண்டது, ரெண்டு பைப்பை ஒட்டி உயத்திப் பனையோட பிணைச்சுக் கட்டி. இந்தியத் தூரதர்சனில ஒளியும் ஒலியும் எண்டு சினிமாப் பாட்டுப் போடுற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருத்தன் கீழ நிண்டு பைப்பைத் திருப்புவான், ஒருத்தன் ஜன்னலில, ஒருத்தன் ரீவிக்கு முன்னால. வந்திட்டுது, விடு, ஐயோ போட்டுது, கொஞ்சம் வடக்க, காணும் காணும். கையை எடுத்தால் படம் போயிடும், அதால திருப்பின ஆள் பைப்பைப் பிடிச்சபடியே நிக்க வேணும், அந்த ஆள் எப்பவும் நான்தான். ஒளியும் ஒலியுமில எனக்கு ஒலி மட்டும்தான் கிடைச்சது. காத்தில்லாத புழுக்கமான நாளில படம் கண்ணாடி மாதிரி வரும், ஏனெண்டு பேந்துதான் படிச்சன், கடலுக்கு மேல சூட்டுக் காத்துப் போர்வை மாதிரிப் படிஞ்சால் சிக்னல் அதுக்குள்ளால வழுக்கிக்கொண்டு தூர வரும். எங்கட ஆச்சிக்கு உதெல்லாம் தேவைப்படேல்லை, வேர்வையைத் துடைச்சுப்போட்டு "இண்டைக்குப் படம் நல்லாய் வரும்" எண்டுவா.

கோண்டாவிலில இருந்து: வெளிநாட்டுக் காமிக்ஸைப் பற்றியே கதைக்கிறியள், எங்கட ஆக்கள் ஒண்டும் கீறேல்லையோ?

நல்ல அடி. கீறினவை. சவாரித்தம்பர் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? சிரித்திரன் எண்ட பகிடிப் பத்திரிகையின்ர ஆசிரியர் சிவஞானசுந்தரம் கீறின ஆள், மாட்டுவண்டிச் சவாரியில பைத்தியம், பக்கத்தில சின்னக்குட்டி. மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் எண்டு அவர் கீறின ஆக்கள் எல்லாம் எங்கட ஒழுங்கையில போய்வந்த ஆக்கள்தான். சிரித்திரனில மகுடி எண்டு கேள்வி பதிலும் வந்தது, நான் இஞ்ச செய்யிறது அதின்ர நிழலுக்குக் கிட்டவும் வராது. மாயாவிக்கு மின்சாரம் வேணும், கௌபாய் டெக்ஸ் வில்லருக்குத் துவக்கு வேணும், தம்பருக்கு ஒரு சோடி மாடும் வாயும் காணும். அதுகளை முழுசாய்த் தொகுத்து ஆரும் நல்ல தாளில போட்டால் நான் பத்து வாங்குவன், கலியாண வீடுகளுக்குக் குடுக்கலாம்.

அச்சுவேலியில இருந்து: நெற்பிளிக்ஸில என்ன பாக்கிறியள்?

கொரியன் நாடகம். மாமியார் கொடுமை அங்கயும் அதேதான், சோறு மட்டும் ஒட்டும்.

கடைசியாய் சுன்னாகத்தில இருந்து ஒரு கடிதம், தபால் அட்டையில, கையெழுத்து முத்து மாதிரி: கதவுப் பிடியில கை, உள்ளுக்குத் துவக்கோட ஆள். உந்தக் கட்டம் இருக்கிற புத்தகம் என்னட்டை முழுசாய் இருக்கு. தரமாட்டன். இரவல் குடுத்து வந்த புத்தகம் என்ர சீவியத்தில ஒண்டுமில்லை. வேணுமெண்டால் வீட்டை வந்து வாசியுங்கோ, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. முடிவைப் பத்திரிகையில எழுதிறதெண்டால் வராதேங்கோ.

ஐயா, நீங்கள் தராதது சரி. நானெண்டாலும் தரமாட்டன். 95 ஒக்டோபர் 30, சண்டையால வலிகாமம் முழுக்கச் சனம் வெளிக்கிட்ட இரவு, என்னட்டை ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது, அந்தக் கறுப்பு நூல் தைச்சதும் அதுக்குள்ளதான். சைக்கிள் கரியரில அரிசி மூட்டை வைக்கிறதோ பெட்டி வைக்கிறதோ எண்டு அம்மா கேக்கவே இல்லை, அவ மூட்டையைத் தூக்கி வைச்சிட்டா. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு ரெண்டு கிழமையில வந்திடுவம் எண்டுதான் போனனான். திரும்பி வரேக்க கட்டிலும் இல்லை. உங்களிட்டை ஒண்டு முழுசாய்த் தப்பி இருக்குதெண்டால் அது எப்பிடித் தப்பினதெண்ட கதையைத்தான் நான் முதல் கேப்பன், மாயாவி பிறகு.

சனிக்கிழமை வாறன். கையைக் கழுவிப்போட்டுத்தான் தொடுவன், தாளை மூலையில பிடிச்சுத்தான் பிரட்டுவன், எச்சில் தொடமாட்டன், முடிவை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். தேத்தண்ணிக்குச் சீனி போடாதேங்கோ, சுகர் இருக்கு, ஒரு சின்னத் துண்டு பனங்கட்டி காணும்.